அதிதூதர்கள் யார், எந்தப் படியில் நிற்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பில் மூவொரு கடவுளைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சம்மனசுகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டால் மணி அடித்த பிறகும் எழுந்து போகமாட்டார்கள். "மிக்கேல் பெரியவரா, கபிரியேல் பெரியவரா?" என்பது எப்போதும் வரும் முதல் கேள்வி. பெற்றோரும் அதையேதான் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் கத்தோலிக்கன். பிற சபைகளின் நிலையை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

சம்மனசு, வானதூதர், தேவதூதன், அதிதூதர், பிரதான தூதன்: இத்தனை பெயர்கள் எதற்கு?

சபைக்கு ஒரு வழக்கு, காலத்துக்கு ஒரு வழக்கு, அவ்வளவுதான். சம்மனசு என்பது பழைய கத்தோலிக்கச் சொல். இன்றைய வழிபாட்டுத் தமிழில் அவர் வானதூதர். சீர்திருத்தச் சபையினர் வீட்டில் தேவதூதன். இவை மூன்றும் எல்லாத் தூதர்களுக்கும் பொதுவானவை. அவர்களுள் தலைமை பெற்றவரைக் கத்தோலிக்கர் அதிதூதர் என்பார்கள். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அவர் 'பிரதான தூதன்'. நமக்கு மிக்கேல் என்றால் அவர்களுக்கு மிகாவேல். கபிரியேல் அங்கே காபிரியேல்.

கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்' என்றால் செய்தி கொண்டுபோகிறவர். அதன் முன்னால் தலைமையைக் குறிக்கும் 'ஆர்க்கி' சேர்ந்தால் அதிதூதர். 'தூதர்' என்பது இயல்பின் பெயர் அல்ல, வேலையின் பெயர் என்று புனித அகுஸ்தீனார் சொல்கிறார்: இயல்பைக் கேட்டால் ஆவி, வேலையைக் கேட்டால் தூதர். இந்த ஒரு வாக்கியத்தை மடியில் முடிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் பாதிச் சிக்கல் இதனால் அவிழும்.

விவிலியத்தில் எத்தனை அதிதூதர்கள் வருகிறார்கள்?

பெயரோடு ஒருவர். நம்புவதற்குக் கடினமாக இருக்கும். ஆனால் புதிய ஏற்பாடு முழுவதிலும் 'அதிதூதர்' என்ற சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது.

முதலாவது 1 தெசலோனிக்கர் 4:16. ஆண்டவர் இறங்கி வரும்போது பிரதான தூதனுடைய சத்தம் கேட்கும் என்கிறார் பவுல். யார் அந்தத் தூதன் என்று சொல்லவில்லை. இரண்டாவது யூதா 9. மோசேயின் உடலைப் பற்றி மிக்கேலுக்கும் பிசாசுக்கும் வாக்குவாதம் நடக்கிறது. அங்கே மிக்கேல் வாளை உருவவில்லை, திட்டக்கூட இல்லை. "கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக" என்று சொல்லித் தீர்ப்பை மேலிடத்துக்கு விட்டுவிடுகிறார். நம் ஊர்ச் சுரூபங்களில் பிசாசின் நெஞ்சில் காலை ஊன்றி ஈட்டியை ஓங்கும் அதே மிக்கேல்தான்! அதிதூதர் என்ற பட்டத்தோடு அவர் வரும் ஒரே காட்சி இவ்வளவு அடக்கமானது.

பழைய ஏற்பாட்டில் இந்தப் பட்டம் இல்லை. தானியேல் 10:13 மிக்கேலைப் 'பிரதான அதிபதிகளில் ஒருவன்' என்கிறது. 'ஒருவன்' என்றால் வேறு சிலரும் இருக்கவேண்டும் அல்லவா? பிற்காலத்தில் பெருகிய பட்டியல்களுக்கெல்லாம் இந்தச் சிறு சொல் ஒரு விதை.

அப்படியானால் கபிரியேல் அதிதூதர் இல்லையா?

விவிலியம் அவரை அப்படி அழைத்ததே இல்லை. தானியேல் புத்தகத்தில் இரண்டு முறை, லூக்கா முதல் அதிகாரத்தில் இரண்டு முறை அவர் பெயர் வருகிறது. நான்கிலும் பட்டம் கிடையாது. செக்கரியாவிடம் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது தேவசந்நிதானத்தில் நிற்கிறவன் என்று மட்டும் சொல்கிறார்.

அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது மரபு. அதற்குத் திருத்தந்தை பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மறையுரையில் சொன்ன காரணம் எளிமையானது: சிறிய செய்தி கொண்டுவருபவர் தூதர், மிகப் பெரிய செய்தி கொண்டுவருபவர் அதிதூதர். மரியாவிடம் வந்த செய்தியை விடப் பெரிய செய்தி எது? ஆகவே அதற்கு அதிதூதர்தான் அனுப்பப்பட வேண்டும். கடிதத்தின் கனத்தைப் பார்த்துத் தபால்காரரின் தகுதியைச் சொல்வது போன்ற வாதம். எனக்குப் பிடித்த வாதமும்கூட.

தூதர்களுக்கு ஒன்பது சபைகள், அதாவது ஒன்பது படிகள், என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

கி.பி. 500ஐ ஒட்டி, கிரேக்க மொழியில் எழுதிய ஒருவர் தம் பெயரைத் தியோனீசியு என்று போட்டுக்கொண்டார். ஏதென்சில் பவுலின் பேச்சைக் கேட்டு மனம் மாறியவராகத் திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் குறிப்பிடும் அதே பெயர். பவுலின் நேரடிச் சீடர் எழுதியது என்று நினைத்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் எல்லோரும் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா ஐயம் எழுப்பினார். 1895இல் இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து, 5ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி புரோக்லசின் கருத்துகளை அந்த ஆசிரியர் எடுத்தாண்டிருக்கிறார் என்று காட்டியபோது வழக்கு முடிந்தது.

அவர் வகுத்த வரிசை மூன்று மூன்றாகப் போகிறது. மேல் அடுக்கில் செராபீன்கள், கெருபீன்கள், அரியணைகள். நடு அடுக்கில் ஆட்சி, வல்லமை, அதிகாரம் என்ற பெயர்களைத் தாங்கியவர்கள். கீழ் அடுக்கில் தலைமை தாங்குவோர், அதிதூதர்கள், தூதர்கள். பெயர்களைப் புதிதாகப் புனையவில்லை; விவிலியத்தில், பெரும்பாலும் பவுலின் மடல்களில், சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார்.

தமிழில் இந்த வரிசை படாதபாடு பட்டிருக்கிறது. பழைய வேதாகமத்தில் கொலோசெயர் 1:16ஐப் பாருங்கள்: சிங்காசனங்கள், கர்த்தத்துவங்கள், துரைத்தனங்கள், அதிகாரங்கள். துரைத்தனம்! வானத்திலும் கம்பெனி ஆட்சி நடந்தது போல இருக்கிறது. கத்தோலிக்கர்களின் பழைய செபங்கள் வேறு வழியில் போயின. ஒன்பதையும் சேர்த்து 'நவவிலாச சபை' என்றன. செராபீன்களைப் 'பக்திச்சுவாலகர்' என்றும், கெருபீன்களை 'ஞானாதிக்கர்' என்றும், அரியணைகளைப் 'பத்திராசனர்' என்றும் அழைத்தன. செராபீன் என்ற எபிரேயச் சொல்லுக்குள் எரிதல் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சுவாலையாக்கிய அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கும்பிடு.

பெரிய கிரகோரியார் இதே ஒன்பதைச் சற்று மாற்றி அடுக்கினார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அதை வைத்து ஒரு குறும்பு செய்கிறார்: கிரகோரியார் விண்ணகம் போய்ச் சேர்ந்து, கண்ணைத் திறந்து உண்மையான வரிசையைப் பார்த்ததும், தாம் எழுதியதை நினைத்துத் தாமே சிரித்துக்கொண்டாராம்.

ஒன்பதில் எட்டாவது இடம்தானா அதிதூதருக்கு? பிறகு எப்படி அவர் தலைவர்?

ஆமாம், எட்டாவது. கீழிருந்து இரண்டாவது. தியோனீசியுவும் கிரகோரியாரும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி வேறுபட்டாலும் இந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்ன அன்று ஒரு சிறுவனின் முகம் சுருங்கிப்போனது. அவன் பெயர்க் காவலர் மிக்கேல்.

இந்த முரண்பாடு பெரியவர்களையும் விடவில்லை. புனித பெசிலியார் முதலிய கிரேக்கத் தந்தையரும் பிற்காலத்தில் பெல்லார்மினும், மிக்கேல் எல்லாத் தூதர்களுக்கும் மேலானவர், 'அதி' என்பது அதையே சொல்கிறது என்றார்கள். பொனவெந்தூர் அவரைச் செராபீன்களின் தலைவராக்கினார். தாமஸ் அக்குவினாசோ அவரைக் கடைசிச் சபையான தூதர்களின் தலைவர் என்று நிறுத்திக்கொண்டார். பெயர் சொன்ன நால்வருமே திருச்சபையின் மறைவல்லுநர்கள்! திருச்சபை எவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்பது சபைகளின் வரிசையையும் அது நம்பியே ஆகவேண்டிய கோட்பாடாக அறிவித்ததில்லை. தூதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் விசுவாசக் கோட்பாடு.

இதற்கு என்னிடம் உள்ள விளக்கம் வேளாங்கண்ணியில் கிடைத்தது. பெரிய தேர் புறப்படும் இரவில் முதலில் சிறிய தேர்கள் வரும், அவற்றுக்கு முன்னால் மிக்கேல் சம்மனசு. கூட்டத்தை விலக்கி வழி செய்துகொண்டு, கையில் ஆயுதத்தோடு அவர் போவார். பின்னால் புனிதர்கள் ஒவ்வொருவராக வந்து, எல்லோருக்கும் கடைசியில் மாதா. மற்றப் பல ஊர்களிலும் இதே முறைதான். முன்னால் போவதால் அவர் மாதாவைவிடப் பெரியவர் என்று எந்தப் பாட்டியும் நினைப்பதில்லை. முன்னால் போனாலும் அவர் சின்னவர் என்றும் எவரும் சொல்வதில்லை. வழி திறப்பது அவர் வேலை. தியோனீசியுவின் வரிசையிலும் மேலே இருப்பவர்கள் கடவுளை நோக்கியே நிற்கிறார்கள். கீழே வர வர மனிதரோடு பேசும் வேலை கூடுகிறது. மண்ணில் கால் வைக்கும் வேலை கிடைத்தவருக்குக் கீழ்ப்படிதான் கிடைக்கும்.

சீர்திருத்தச் சபைகள் இந்த வரிசையை ஏற்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதியது கூர்மையானது. தியோனீசியுவைப் படித்தால் வானத்திலிருந்து விழுந்த ஒருவன் கண்ணால் கண்டதைச் சொல்வது போல இருக்கிறது. மூன்றாம் வானம் வரை உண்மையிலேயே போய்வந்த பவுலோ, அங்கே கேட்டதைச் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார் என்கிறார். இதற்கு நல்ல பதிலை நான் இன்னும் படிக்கவில்லை. ஆனாலும் லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் செப்டம்பர் 29இல் மிக்கேல் திருநாளைக் கைவிடவில்லை. படிநிலையை விட்டார்கள், ஆளை விடவில்லை.

மூவரா, எழுவரா? ஊரியேல் யார்?

கத்தோலிக்கர் பெயர் சொல்லி வணங்குவது மூவரை: மிக்கேல், கபிரியேல், இரபேல். ஏழு என்ற எண் தோபித்து நூலிலிருந்து வருகிறது. கடவுள் திருமுன் நிற்கும் எழுவரில் தாம் ஒருவர் என்று இரபேல் அங்கே சொல்கிறார். மற்ற அறுவரின் பெயரை அவர் சொல்லவில்லை.

சொல்லாத இடத்தை நிரப்ப ஆட்கள் வந்தார்கள். ஏனோக்கு நூல் ஊரியேல், இரகுவேல், சரியேல், இரமியேல் என்று நான்கு பெயர்களைச் சேர்த்து ஏழாக்குகிறது. அந்த நூலை விவிலியத்தின் பகுதியாக ஏற்பது எத்தியோப்பியத் திருச்சபை. கிழக்கு மரபுவழித் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகள் ஊரியேலோடு செலாபியேல், எகுதியேல், பராக்கியேல் என்ற பெயர்களையும் வைத்திருக்கின்றன. சில பட்டியல்களில் எட்டாவதாக எரேமியேலும் உண்டு.

மேற்கில் ஏன் கதவை அடைத்தார்கள் என்பதற்குப் பின்னால் அடல்பெர்ட் என்ற ஒருவர் இருக்கிறார். 8ஆம் நூற்றாண்டில் பிராங்கு நாட்டில் சுற்றிய இவர், தம் நகத்துண்டுகளையும் தலைமுடியையும் திருப்பண்டமாக மக்களுக்குக் கொடுத்தார். இயேசு எழுதி வானத்திலிருந்து விழுந்த கடிதம் என்று ஒன்றைக் காட்டினார். அவருடைய செபத்தில் எட்டுத் தூதர்களின் பெயர்கள் இருந்தன. 745இல் திருத்தந்தை சக்கரியா உரோமையில் கூட்டிய சங்கம் அதைப் படித்துப் பார்த்து, இதில் மிக்கேலைத் தவிர மற்றவை பேய்களின் பெயர்கள், நமக்குத் தெரிந்த பெயர்கள் மூன்றே என்று தீர்த்தது. பாவம் ஊரியேல், கெட்ட சகவாசத்தால் வழக்கில் மாட்டிக்கொண்டார். 2001இல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி பற்றிய வழிகாட்டியும், இந்த மூவர் தவிர வேறு தூதர்களுக்குப் பெயர் சூட்டும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்கிறது. இணையத்தில் 'உங்கள் காவல் தூதரின் பெயர் அறிய' என்று வரும் அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடல்பெர்ட் நினைவுக்கு வருகிறார்.

இரபேலைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லையே?

தோபித்து நூல் கத்தோலிக்க, மரபுவழி விவிலியங்களில் மட்டும் இருப்பதால் சீர்திருத்தச் சபையினருக்கு அவர் அந்நியர். கத்தோலிக்கரும் அந்த நூலைத் திறப்பது திருமணத் திருப்பலியில்தான். இது ஒரு நட்டம். அதிதூதர் என்ன வேலை செய்வார் என்று அருகில் உட்கார்ந்து பார்க்க இதைப் போல வேறு நூல் கிடையாது.

தோபித்து, கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை போனவர். மேதியா நாட்டில் ஒருவரிடம் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்ப நினைக்கிறார். துணைக்கு ஆள் வேண்டும். தெருவில் ஓர் இளைஞன் நிற்கிறான். நீ யார், எந்தக் குலம், யார் மகன் என்று கிழவர் துருவுகிறார். அசரியா என்று பெயர் சொல்லித் தெரிந்த குடும்பத்தின் மகனாகக் காட்டிக்கொள்கிறார் இரபேல். பிறகு கூலி பேசுகிறார்கள்: நாளொன்றுக்கு ஒரு திராக்மா, வழிச்செலவு தனி, ஒழுங்காகத் திரும்பி வந்தால் மேற்கொண்டும் உண்டு. அதிதூதர் ஒருவர் தினக்கூலிக்கு ஒப்புக்கொண்டு புறப்படுகிறார். வீட்டு நாயும் பின்னாலேயே ஓடுகிறது.

திக்ரீசு ஆற்றில் ஒரு மீன் பாய்ந்து வருகிறது. அதைப் பிடித்துப் பித்தப்பையையும் இதயத்தையும் ஈரலையும் எடுத்து வை என்கிறார் இரபேல். இதயமும் ஈரலும் புகைந்ததில் மணப்பெண் சாராவைப் பீடித்திருந்த பேய் ஓடுகிறது. பித்தம் தடவியதில் தந்தையின் கண் திறக்கிறது. நடுவில், மாப்பிள்ளை விருந்தில் இருக்க, பணத்தை வாங்கிவரவும் இரபேலே போகிறார். எல்லாம் முடிந்து, கொண்டுவந்ததில் பாதியைக் கூலியாகக் கொடுக்கத் தந்தையும் மகனும் கூப்பிடும்போதுதான் தாம் யார் என்று சொல்கிறார். நான் சாப்பிட்டது போல உங்களுக்குத் தெரிந்தது வெறும் தோற்றம் என்கிறார். பிறகு அவரைக் காணவில்லை.

பெயரை மாற்றிச் சொன்னது பொய் ஆகாதா என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அசரியா என்றால் 'கடவுள் உதவினார்' என்று பொருள், அதனால் அது முழுப் பொய் இல்லை என்பது உரையாசிரியர்கள் கண்ட வழி. நான் அதைச் சொல்லும்போது பிள்ளைகள் என்னை நம்பாத முகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

சிறகு, கவசம், தராசு எல்லாம் விவிலியத்தில் உள்ளவையா?

செராபீன்களுக்கு ஆறு சிறகு, எசாயா பார்த்தார். கெருபீன்களுக்கும் உண்டு. அதிதூதர்களுக்குச் சிறகு இருப்பதாக எங்கும் இல்லை. கபிரியேல் விரைந்து பறந்து வந்ததாகத் தானியேல் சொல்வதுதான் மிக நெருங்கிய சான்று. உரோமைப் படைவீரன் உடுப்பு ஓவியர்கள் கொடுத்தது. மிக்கேலின் கையில் உள்ள தராசு, இறந்தவர்களின் ஆன்மாவை நிறுக்கும் நடுக்கால நம்பிக்கையிலிருந்து வந்தது. பிசாசோடு நடந்த போர் மட்டும் திருவெளிப்பாடு 12இல் இருக்கிறது.

லூசிபர் அதிதூதராக இருந்து விழுந்தவரா?

விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. எசாயா 14:12இல் பாபிலோன் அரசனை 'விடிவெள்ளி' என்று எள்ளும் வரியை இலத்தீனில் பெயர்த்தபோது வந்த சொல் அது. அதைச் சாத்தானின் பெயராகப் படித்தவர்கள் பிற்காலத் தந்தையர். தமிழ் வேதாகமத்தில் அந்தப் பெயரே கிடையாது, விடிவெள்ளி என்றுதான் இருக்கும். வீழ்ந்தவனைப் பற்றியது என்று பலர் கருதும் எசேக்கியேல் 28ஆம் அதிகாரத்திலோ கெருபு என்று வருகிறது. படிநிலைப்படி பார்த்தால் அது அதிதூதரை விட ஆறு படி மேலே.

மிக்கேல்தான் இயேசு என்று சிலர் சொல்கிறார்களே?

யெகோவாவின் சாட்சிகள் அப்படி நம்புகிறார்கள். அவர்களுக்கு இயேசு படைக்கப்பட்டவர். ஏழாம் நாள் அட்வெந்து சபையினரும் மிக்கேல் என்பது கிறிஸ்துவின் ஒரு பெயர் என்கிறார்கள். ஆனால் கிறிஸ்து முழுமையாகக் கடவுள் என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கத்தோலிக்க, மரபுவழிச் சபைகளும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளும் மிக்கேலைப் படைக்கப்பட்ட ஒரு தூதராகவே கொள்கின்றன.

அதிதூதரை நோக்கிச் செபிக்கலாமா?

கத்தோலிக்கர், மரபுவழியினர் பரிந்துபேசும்படி கேட்பார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டும். தூதருக்கும் புனிதருக்கும் வணக்கம். திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்தில் யோவான் காலில் விழப்போகும்போது தூதர் தடுத்து, நானும் உன்னைப் போல் ஓர் ஊழியன் என்கிறார். சீர்திருத்தச் சபையினர் இதையே காட்டி, செபமும் வேண்டாம் என்பார்கள்.

"போரில் எங்களைக் காத்தருளும்" என்று மிக்கேலை வேண்டும் செபத்தை 13ஆம் லியோ 1886இல் பூசைக்குப் பின் சொல்லும் செபங்களில் சேர்த்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்த 1960களில் அந்த வழக்கம் நின்றது. 2018 அக்டோபர் மாதம் முழுவதும் செபமாலையின் முடிவில் அதைச் சொல்லும்படி திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார்.

மனிதர் அல்லாதவரைப் 'புனித' மிக்கேல் என்பது ஏன்? இறந்த குழந்தைகள் சம்மனசாகிவிடுகிறார்களா?

புனித என்பது தூயவர் என்ற பொருளில். இரண்டாவதற்குப் பதில், இல்லை. மனிதர் மனிதராகவே விண்ணகம் போகிறார். ஆனால் பிள்ளையை இழந்த வீட்டில் யாராவது "சம்மனசாகிவிட்டது" என்று அழுதால், அங்கே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்காதீர்கள்.

திருநாள் எது?

மேற்கில் செப்டம்பர் 29, மூவருக்கும் சேர்த்து. 1969 நாள்காட்டித் திருத்தத்துக்கு முன் கபிரியேலுக்கு மார்ச் 24, இரபேலுக்கு அக்டோபர் 24 தனித்தனியே இருந்தன. கிழக்கு மரபுவழியினருக்கு நவம்பர் 8. மார்ச்சிலிருந்து எண்ணினால் நவம்பர் ஒன்பதாவது மாதம். ஒன்பது சபைகளுக்கு ஒன்பதாம் மாதம் என்று விளக்கம் சொல்வார்கள். எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்களும் எத்தியோப்பியரும் தங்கள் நாள்காட்டியில் மாதந்தோறும் 12ஆம் நாளை மிக்கேலுக்கு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஊரியேல் என்று பெயர் வைக்கலாமா?

தாராளமாக. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்பதுதான் திருச்சபைச் சட்டம். 'கடவுளே என் ஒளி' என்ற பொருளுள்ள பெயரில் புறம்பு எதுவும் இல்லை. 2001 வழிகாட்டி தடுப்பது தூதருக்கு நாம் பெயர் வைப்பதை, பிள்ளைக்கு வைப்பதை அல்ல. பெயர்த் திருநாள் எது என்று பிள்ளை கேட்கும் வயது வரும்போது செப்டம்பர் 29 என்று சொல்லிக் கேக் வெட்டிவிடுங்கள். மற்ற மூவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.